சின்னுசாமி அமுக்காத பொத்தான்

பிரவீனாவைப் பெண் பார்க்க வந்த ஒருவன், பெண் ரொம்ப அமைதி என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் மனசுக்குள் எதையோ நட்டு நட்டாகக் கழற்றிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிற காளியப்பனின் மகள் அவள். கழற்றாமல் எப்படி இருப்பாள்?

கோழிக்குப் போடுவது மாதிரி விளக்குப் போட்டுக் கண்விழிக்க வைத்து, பிள்ளைகளிடம் முட்டைக்குப் பதிலாக மார்க்கு எடுக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் காளியப்பன் அவளைச் சேர்த்தார். மார்க்கு எடுத்தாள். சேலத்தில் காலேஜ், பெங்களூரில் வேலை. கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதற்கு புரோகிராம் எழுதுகிற வேலை. கண்ணாலம் ஆனதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாமக்கல்லுக்கே வந்துவிட்டாள். புருஷனுக்காக வந்தாள் என்று ஊர் மெச்சியது. புருஷனுக்காக யாரும் அவ்வளவு நல்ல வேலையை விடமாட்டார்கள். அங்கே அவள் எழுதியது எங்கே போய் என்ன செய்கிறது என்று கடைசிவரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை. இங்கே எழுதினால் ஃபேன் சுற்றும். அதுதான் காரணம்.

புருஷன் ஜெகதீஸ்வரன், கோழிப்பண்ணைகளுக்குக் கரண்டுப் பலகை செய்து மாட்டுகிறவன். இப்போது நாலு பக்கமும் அடைத்துக் கட்டுகிறார்களே, ஒரு பக்கம் ஈரத் தட்டி, மறுபக்கம் ஆள் உயர ஃபேன்கள், உள்ளே காற்றை இழுத்து இழுத்துக் குளுமையாக வைத்திருக்கிற கோழிக்கொட்டகை, செட்டு என்பார்கள், அதற்கெல்லாம் அவன்தான் ஆள். அப்படிப்பட்ட செட்டில் ஒரு தொல்லை உண்டு. ஃபேன் நின்றால் கோழிக்கு ஓடிப்போக வழியில்லை. அரைமணி நேரம் யாரும் பார்க்கவில்லை என்றால் அப்புறம் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு சின்னப் பெட்டி செய்தார்கள். பேட்டரியில் ஓடுகிற பெட்டி, கரண்டு போனாலும் அணையாது. செட்டுக்குள் சூடு ஏறினாலோ கரண்டு போனாலோ அது போன் சிக்னலில் சர்வருக்குச் செய்தி அனுப்பும். சர்வர் என்பது எங்கேயோ இருந்து எல்லாப் பண்ணையையும் பார்த்துக்கொள்கிற கம்ப்யூட்டர். அது உடனே பண்ணையில் ஹாரனை அடிக்கும், முதலாளியின் போனுக்கும் தகவல் சொல்லும். ஹாரன் சாதாரண ஹாரன் இல்லை. காளியப்பன் பட்டறையிலிருந்து எடுத்து வந்த லாரி ஹாரன். செத்துக் கிடப்பவன் எழுந்து உட்காருவான்.

பெட்டியில் இரண்டு பொத்தான்கள். பச்சை முதலாளிக்கு, சிவப்பு பண்ணையில் இருக்கிற ஆளுக்கு. ஹாரன் அடித்தால் போய்ப் பார்த்துவிட்டு அவரவர் பொத்தானை அமுக்க வேண்டும். "பார்த்தாச்சு" என்று ஆளின் பெயரோடு செய்தி போகும், ஹாரன் அடங்கும். பெயர் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் பிரவீனாவின் அம்மாவோடு பிறந்த அண்ணன் குழந்தைவேல். எருமப்பட்டிப் பக்கம் பெரிய பண்ணைக்காரர். யார் அமுக்கினான் என்று தெரியாவிட்டால் எவனும் அமுக்கமாட்டான், தெரிந்தால் ஓடி வந்து அமுக்குவான் என்பது அவருடைய சித்தாந்தம். அந்தப் பெட்டியை முதன்முதலில் வாங்கி மாட்டியவரும் அவர்தான். பச்சைப் பொத்தானை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. பச்சை, முதலாளி என்கிற மரியாதைக்காக வைத்தது.

சிவப்புப் பொத்தானுக்குச் சொந்தக்காரர் சின்னுசாமி. அவரும் அவர் சம்சாரம் பாப்பாயியும் பண்ணைக்குள்ளேயே ஒரு அறையில் குடியிருந்தார்கள். சொந்தக் காடு மழையில்லாமல் போனபின் வந்தவர்கள். சின்னுசாமி பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பாப்பாயி பேசுவாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் மத்தியானம் மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் மட்டும் போனது. முழுசாகப் போயிருந்தால் ஜெனரேட்டர் தானாக ஓடியிருக்கும். ஒன்றுமட்டும் போனதால் ஜெனரேட்டரும் ஓடவில்லை, ஃபேனும் ஓடவில்லை. சின்னுசாமி தீவனம் அரைக்கிற அறையில் டீசல் இன்ஜின் சத்தத்துக்குள் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அரவை முடிந்து செட்டுக்குள் போனபோது அங்கே சத்தமே இல்லை. கோழிச் செட்டில் சத்தம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று கோழி வளர்த்தவனைக் கேட்க வேண்டும். வாயைப் பிளந்தபடி வரிசை வரிசையாகக் கிடந்தன. பாதிக்குமேல் போய்விட்டது. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். புதைத்த பிறகும் நாற்றம் ஊருக்குள் வந்தது.

குழந்தைவேல் பிரவீனாவுக்குப் போன் போட்டார். தன் போனில் பார்த்தாச்சு என்றுதான் வந்தது, பெட்டி அப்படித்தான் செய்தி அனுப்பியதா என்று கேட்டார். பிரவீனா சர்வரைத் திறந்து பார்த்தாள். அனுப்பியிருந்தது. இரண்டாம் செட்டு, சூடு அதிகம். அதற்குப் பின்னால் சிக்னல் கெட்டால் வருகிற மாதிரி இரண்டு மூன்று அரைகுறை எழுத்து. அதற்கும் பின்னால், "பார்த்தாச்சு, சின்னுசாமி." ஆள் பார்த்துவிட்டார் என்றபிறகு சர்வர் எதற்கு ஹாரன் அடிக்கும்? அடிக்கவில்லை.

"சின்னுசாமியண்ணந்தான் அமுக்கியிருக்காரு மாமா," என்றாள் பிரவீனா. "பேரு வந்திருக்குது. மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

இந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. குழந்தைவேல் நேரே டீக்கடைக்குப் போனார். ஆள் பொத்தானை அமுக்கிவிட்டு வேப்பமரத்தடியில் போய்த் தூங்கியிருக்கிறான், கேட்டால் ஹாரனே அடிக்கவில்லை என்று புளுகுகிறான், மருமகள் மிஷினில் பார்த்துச் சொல்லிவிட்டாள் என்று நாலு பேர் காதில் போட்டார். டீக்கடையில் போட்டது எருமப்பட்டி முழுக்கப் போனது. சின்னுசாமியை வெள்ளிக்கிழமைக்குள் அறையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார். கெங்கவல்லியில் பாப்பாயியின் தம்பி மரவள்ளிக் காட்டில் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தான். வண்டி கொண்டுவருகிறேன் என்று சொன்னான்.

போகிறதுகூடப் பெரிசில்லை. வேலை எங்கேயும் உண்டு. தூங்குமூஞ்சி, புளுகன் என்கிற பெயரோடு போக வேண்டும். கோழிப்பண்ணைக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம். ஒரு பண்ணையில் கெட்ட பெயர் வாங்கினவனை இன்னொரு பண்ணையில் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

மறுநாள் காலையில் பாப்பாயி பஸ் ஏறி நாமக்கல்லுக்கு வந்துவிட்டாள். பிரவீனா வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. தண்ணீர் கொடுத்ததற்குக் குடிக்கவில்லை.

"அம்மிணி, உங்க மாமன் சொன்னதுக்காக நா வரல. அவரு மொதலாளி, அவரு நாலும் சொல்லுவாரு. மிஷினு பொய் சொல்லாதுன்னு நீங்க சொன்னீங்களாமா. எங்கூட்டுக்காரரு மட்டும் பொய் சொல்லுவாருன்னு எதைப் பாத்துச் சொன்னீங்க?"

மிஷினில் பெயர் வந்திருப்பதைப் பிரவீனா எடுத்துச் சொன்னாள். மேசைமேல் அவள் சோதித்துப் பார்க்க வைத்திருந்த அதே மாதிரிப் பெட்டியைக் காட்டினாள். சூடாக்கினாள், கைபேசியில் செய்தி வந்தது. பொத்தானை அமுக்கினாள், பார்த்தாச்சு என்று வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. பாப்பாயி அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கூட்டு மேசையில அது ஒழுங்காத்தான் நிக்கும். மாமியாரூட்டுல புதுப்பொண்ணு நிக்கற மாதிரி. எங்க செட்டுல வந்து, நாங்க அமுக்கற மாதிரி அமுக்கிப் பாருங்க சாமி," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள்.

பிரவீனாவுக்குச் சுருக்கென்று இருந்தது. அவள் வேலையைப் பற்றி இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிப் பேசியதில்லை. பெங்களூரில் பேசுகிறவர்களுக்கு வேறு பாஷை. அன்று முழுக்க அவள் பேசவில்லை. ஜெகதீஸ்வரன் அந்த அமைதியைப் பார்த்ததும் உஷாராகிவிட்டான். கழற்றுகிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

ராசிபுரத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர் பெட்டியைப் பார்க்க வருகிறார், இந்த நேரத்தில் நம் பெட்டியில் கோளாறு என்று நாமே தேடிக் கண்டுபிடித்தால் நாளைக்கு எவன் வாங்குவான் என்று அவன் கேட்டான். பழி ஆள்மேல் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், ஆளும்தான் ஊரைவிட்டுப் போகப்போகிறாரே என்றான். அதைச் சொல்லும்போது அவன் சோற்றைப் பார்த்துச் சொன்னான், அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அவ்வளவு கெட்டவன் இல்லை. கெட்டதை முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் இல்லாத சாதாரண ஆம்பிளை.

"அந்தப் பேரை அங்க வெச்சது நாம எழுதுன புரோகிராமு," என்றாள் பிரவீனா. "அது எப்படி வந்துச்சுன்னு தெரியாம நா இன்னொருத்தரு ஊட்டுல பெட்டி மாட்டமாட்டேன். நீங்க மாட்டறதுன்னா மாட்டிக்குங்க. புரோகிராமு நா தரமாட்டேன்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் பண்ணைக்குப் போய்விட்டாள். தீவன அறையில் மூட்டைமேல் உட்கார்ந்தாள். தவிட்டுத் தூசியில் தும்மல் நிற்கவில்லை. சின்னுசாமி அதைப் பார்த்தார். ஒரு ஈரத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அது அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

முதல்நாள் முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பெட்டியிலிருந்து தொங்குகிற தெர்மாமீட்டர் முனையைச் சுடுதண்ணீர் டம்ளருக்குள் விட்டாள், ஹாரன் அலறியது. பொத்தானை அமுக்கினாள், அடங்கியது. பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். மறுபடி சுடுதண்ணீர், மறுபடி ஹாரன், மறுபடி பொத்தான். மிச்சமிருந்த கோழிகள்தான் மிரண்டன. பெட்டி பதிவிரதை மாதிரி நின்றது.

அடுத்தநாள் அவள் வேறு வழியில் போனாள். அந்தப் பாழாய்ப்போன நாளில் சின்னுசாமி காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தாரோ அதையெல்லாம் வரிசை மாறாமல் தானும் செய்துபார்ப்பது என்று தீர்மானித்தாள். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னாள்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். விடிகாலையில் முட்டை பொறுக்கியது, தண்ணீர்க் குழாய் பார்த்தது, கரண்டு போனது, ஹாரன் அடித்தது, போய்ப் பார்த்துவிட்டுச் சிவப்பை அமுக்கியது, அப்புறம் கரண்டு வந்தது, அப்புறம் பழைய சோறு.

பிரவீனா கையைக் காட்டி நிறுத்தினாள். "காத்தால பொத்தான் அமுக்குனீங்களா?"

"ஆமாங்க. கரண்டு போச்சுங்களே. அமுக்குனேன்."

"இதை ஏண்ணா யாருகிட்டயும் சொல்லல?"

"மத்தியானம் அமுக்குனியான்னுதானுங்க எல்லாருங் கேட்டாங்க. மத்தியானம் நா அமுக்கல. காத்தால என்ன பண்ணுனேன்னு ஒருத்தருங் கேக்கலீங்களே."

பிரவீனா எழுந்தாள். மெயின் சுவிட்சை இறக்கினாள். ஹாரன் அடித்தது. சிவப்பை அமுக்கினாள், அடங்கியது. சுவிட்சை ஏற்றினாள். இந்தத் தடவை பெட்டியை அணைத்துப் போடவில்லை. அப்படியே டம்ளர் தண்ணீரைச் சுடவைத்துத் தெர்மாமீட்டர் முனையை உள்ளே விட்டாள். ஹாரனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னுசாமியும் நின்றார்.

ஹாரன் அடிக்கவில்லை.

லேப்டாப்பில் செய்தி வந்திருந்தது. இரண்டாம் செட்டு, சூடு அதிகம். அரைகுறையாக இரண்டு மூன்று எழுத்து. பார்த்தாச்சு, சின்னுசாமி.

அவள் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். என்ன நடந்தது என்று இப்போது தெரிந்துபோயிற்று.  அது வேறு யாரும் செய்ததல்ல. இரண்டு மாசத்துக்கு முன்னால் அவளே தன் கையால் செய்தது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் ஒரு செய்தியை வெளியே அனுப்புவதற்கு முன்னால் அதை ஓரிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பஃபர் என்று பெயர். முதலில் பிரவீனா அதற்குத் துணிப்பை மாதிரி ஒன்றை வைத்திருந்தாள். போட்டது எவ்வளவோ அவ்வளவுதான் பை. கொஞ்சம் போட்டால் சின்னப் பை, நிறையப் போட்டால் பெரிய பை. ஒவ்வொரு செய்திக்கும் புதுப் பை. ஆனால் அந்தச் சின்னப் பெட்டிக்கு ஞாபகசக்தி குறைச்சல். பை பையாக வாங்கி வாங்கி வீசினதில் உள்ளே இடம் துண்டு துண்டாகப் போய், வாரம் பத்து நாளைக்கு ஒருதடவை பெட்டி மயங்கி விழுந்தது. வெயில் காலத்துக்கு முன்னால் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று பையை எடுத்துவிட்டு ஒரே ஒரு மரப்பெட்டி மாதிரி வைத்துவிட்டாள். அளவு மாறாது. எந்தச் செய்தியானாலும் அதிலேயே வைத்து அனுப்ப வேண்டியது, அடுத்ததையும் அதிலேயே வைக்க வேண்டியது. அது நல்ல யோசனைதான். அதில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு அளக்கிற இடத்தில் இருந்தது. எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று அளப்பதற்கு ஒரு டெம்ப்ளேட்டை நம்பியிருந்தாள். அவள் அப்பா கதவுத் தகட்டுக்குப் பலகையில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு எந்த லாரி வந்தாலும் அதை வைத்தே கோடு போடுவார் அல்லவா, அந்த மாதிரி. ஒரு தடவை எழுதினால் போதும், எதைக் கொடுத்தாலும் வாங்கி அதற்கேற்ற மாதிரி தானாக அளந்துகொள்ளும். பையைக் கொடுத்தபோது அது பைக்குள் இருந்ததை அளந்தது. மரப்பெட்டியைக் கொடுத்தபோது மரப்பெட்டியையே அளந்தது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அது பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி அவளும் சொல்லவில்லை. ஐயோ, பை மாறிவிட்டதே என்று ஒரு வார்த்தை முனகாமல் வாங்கிக்கொண்டது.

காலையில் போன நீளமான செய்தி, கரண்டு போனது, பார்த்தாச்சு, சின்னுசாமி என்பது, மரப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மத்தியானம் சூடு என்கிற குட்டிச் செய்தி அதன்மேல் வந்து உட்கார்ந்தது. தலையை மறைத்தது, வாலை மறைக்கவில்லை. கரண்டுச் செய்தி நீளம், அது வந்தால் பழைய வால் முழுசாக மறைந்துவிடும்; குட்டிச் செய்தி வந்தால்தான் வம்பு. மரப்பெட்டி முழுசையும் அள்ளி அனுப்பினபோது காலையில் போட்ட வாலும் சேர்ந்து போயிற்று. அந்த நடுவில் இருந்த அரைகுறை எழுத்து, இரண்டும் ஒட்டின இடம். அதைச் சிக்னல் கோளாறு என்று அவள் தள்ளிவிட்டாள். மேசையில் ஏன் தெரியவில்லை? மேசையில் எப்போதும் முதலில் சூடு, அப்புறம் பொத்தான், அப்புறம் அணைத்துப் போடுவது. அணைத்தால் மரப்பெட்டி துடைத்துச் சுத்தமாகிவிடும். பொத்தானுக்கு அப்புறம் சூடு வரும் என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. பண்ணையில் அது என்றைக்கு வேண்டுமானாலும் நடக்கும்.

அவள் சின்னுசாமியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. சொன்னது ஒன்றுதான். "அண்ணா, காத்தால நீங்க அமுக்குனதை மத்தியானம் மறுபடியும் அனுப்பிருக்குது. தப்பு உங்க மேல இல்ல. எம்மேல."

சின்னுசாமி டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் கீழே ஊற்றினார். "கோழிக்குத் தண்ணி காட்டோணுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.  

மாமனிடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். குழந்தைவேல் படித்தவர்களின் விளக்கத்தை நம்பமாட்டார். பாவப்பட்டவனுக்காகப் பரிந்து பேசுகிறாள், பெண்பிள்ளை மனசு இளகிவிட்டது என்பார். ஊரில் தான் சொன்னதை மாற்றிச் சொல்வது அவருக்குக் கோழி செத்ததைவிடப் பெரிய நஷ்டம். அதனால் அவள் விளக்கப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. தம்பிக்காரன் வண்டியோடு வந்துவிட்டான். பாத்திரம், பாய், சிலிண்டர், டிவி எல்லாம் ஏறிவிட்டது. குழந்தைவேல் சாவி வாங்கப் பைக்கில் வந்து இறங்கினார். தீவன லாரிக்காரர்கள் இரண்டு பேர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெகதீஸ்வரனும் வந்திருந்தான். பெண்டாட்டியைத் தடுக்க வந்தானா, கூட நிற்க வந்தானா என்று அவனுக்கே தெரியவில்லை.

பிரவீனா குழந்தைவேலைப் பெட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப் போனாள். புரோகிராமைத் தொடவில்லை, பெட்டி அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது, ஒரு சின்ன வேலை செய்து காட்ட வேண்டும் என்றாள். மெயின் சுவிட்சை இறக்கினாள். ஹாரன் அலறியது. லாரிக்காரர்கள் தூக்கின மூட்டையைக் கீழே போட்டார்கள்.

பச்சையை அமுக்கச் சொன்னாள். குழந்தைவேல் வாழ்க்கையில் முதல்முறையாக அமுக்கினார். ஹாரன் நின்றது. அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சுவிட்சை ஏற்றிவிட்டு அவரை மரத்தடிக் கட்டிலில் உட்காரவைத்தாள். மோர் கொடுத்தாள். இரண்டு கையையும் மடிமேல் வைத்துக்கொண்டு அப்படியே இருக்கச் சொன்னாள். அவர் சிரித்தார். என்ன கண்ணு, போட்டோ புடிக்கறயா என்று கேட்டார். வேப்பமரத்தடிதான் அது. சின்னுசாமி தூங்கினதாக அவர் சொன்ன அதே கட்டில்.

அவள் உள்ளே போய்த் தெர்மாமீட்டர் முனையைச் சுடுதண்ணீரில் விட்டுவிட்டு வெளியே வந்து நின்றாள். ஹாரன் அடிக்கவில்லை. குழந்தைவேலின் சட்டைப் பையில் போன் கிணுங்கியது. எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் போனைப் பக்கத்தில் இருந்த லாரிக்காரனிடம் நீட்டினார். நடுவில் இருந்த அரைகுறை எழுத்தைத் தாண்டிவிட்டு அவன் சத்தமாகப் படித்தான்.

"ரெண்டாம் செட்டு, சூடு அதிகம். பார்த்தாச்சு, குழந்தைவேல்."

"நா எங்கடா பாத்தேன்?" என்றார் குழந்தைவேல். "நா இங்கதான மோரு குடிச்சுட்டு ஒக்காந்திருக்கறேன்."

லாரிக்காரன் போனைத் திருப்பிக் கொடுத்தான். பாப்பாயிதான் சொன்னாள்.

"தூங்கிட்டீங்களோ என்னமோ மொதலாளி. மிஷினு பொய் சொல்லாதாமுங்க."

லாரிக்காரன் ஒருத்தன் சிரித்துவிட்டான். குழந்தைவேலுக்கு முகம் கறுத்தது. பிரவீனா அவர் முன்னால் வந்து நின்று, தன் புரோகிராமில் தான் செய்த தப்பு இது, அன்றைக்குப் போனில் சொன்னதும் தப்பு, சின்னுசாமி அமுக்கவும் இல்லை தூங்கவும் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். ஜெகதீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றவன், கடைசியில் நிமிர்ந்து, பெட்டி எங்களுதுங்க மாமா, பொறுப்பும் எங்களுதுதானுங்க என்றான். தாலி கட்டினதிலிருந்து அவன் சொன்னதில் அது ஒன்றுதான் பிரவீனாவுக்கு மனப்பாடம்.

குழந்தைவேல் சாவிக்கு நீட்டின கையை மடக்கிக்கொண்டார். வண்டிக்காரனைப் பார்த்து, சரி சரி, சாமானத்தை எறக்கு என்றார். அவருக்கு அத்தோடு காரியம் முடிந்தது. சின்னுசாமி பாயை இறக்கக் கையைக்கூட வைத்துவிட்டார். பாப்பாயி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"சாமானம் இருக்கட்டுங்க மொதலாளி, அதுக்கென்ன அவசரம். நீங்க டீக்கடையில ஏத்திவெச்ச சொல்லு ஒண்ணு இருக்குதுங்க. மொதல்ல அதை எறக்குங்க. அங்க ஏத்துனதை இங்க எறக்குனாச் செல்லாதுங்க."

வண்டி அப்படியே நின்றது. குழந்தைவேல் பைக்கை உதைத்தார். போகிறாரா ஓடுகிறாரா என்று தெரியவில்லை. பாப்பாயி கண்ணைக் காட்டினதும் பிரவீனா ஸ்கூட்டியில் அவளை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனாள். டீக்கடையில் அன்றைக்கு இருந்தவர்களில் பாதிப் பேர் அன்றும் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு போக்கிடம் ஏது? குழந்தைவேல் டீ சொன்னார். பாதி டீ குடித்தபிறகு டம்ளரைப் பார்த்தபடி, நம்ம சின்னுசாமி மேல தப்பில்ல, மிஷின்ல கோளாறு, நாந்தான் தெரியாம வாய உட்டுட்டேன் என்றார். சத்தம் போதாது என்று பாப்பாயி சொன்னாள். கூட்டத்தில் ஒருவன், அப்ப அன்னிக்குத் தூங்கலீங்களா என்று கேட்டான். குழந்தைவேல் அவனைப் பார்த்து உரக்கவே சொன்னார், தூங்கலடா, அவன் அங்க தீவனம் அரச்சுட்டு இருந்தான், தூங்குனது எம்புத்தி.

அதற்கப்புறம்தான் சாமான் இறங்கியது.

அன்று பொழுதுக்குள் பிரவீனா புரோகிராமை மாற்றினாள். மரப்பெட்டியைக் கொடுக்கும்போது உள்ளே எவ்வளவு வைத்திருக்கிறேன் என்கிற கணக்கையும் சேர்த்துக் கொடுத்தாள். அதோடு விடவில்லை. டெம்ப்ளேட்டையும் திருத்தி எழுதினாள். இனிமேல் அவளோ வேறு யாரோ அளவு சொல்லாமல் வெறும் மரப்பெட்டியை நீட்டினால் அது வாங்காது. புரோகிராமே உருவாகாமல் நின்றுவிடும், எங்கே தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லும். முனகாமல் வாங்கிக்கொள்கிற சங்காத்தமே வேண்டாம் என்று வைத்துவிட்டாள். மாட்டின பண்ணைகளுக்கெல்லாம் ஜெகதீஸ்வரனே நேரில் போய், இப்படி ஒரு கோளாறு இருந்தது என்று சொல்லி மாற்றிவிட்டு வந்தான். இரண்டு பேர் பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். ராசிபுரத்துக்காரர் வரவே இல்லை. திரும்பி வந்த பெட்டிகளிலும் பிரவீனா புதுப் புரோகிராமை ஏற்றிவைத்தாள்.

குழந்தைவேலுக்கு ஒரு யோசனை வந்தது. பெயரே வேண்டாம், பொத்தானை அமுக்கினால் பார்த்தாச்சு என்று மட்டும் வரட்டும், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை என்றார். பச்சைப் பொத்தான் இருக்கிற பக்கமே அவர் இப்போது போவதில்லை. பிரவீனாவும் சரி என்றாள். சின்னுசாமியின் பெயரை இத்தனை சேற்றில் புரட்டியதற்கு அதையாவது எடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

சின்னுசாமி முட்டை அட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அவர் முதலாளி முன்னால் தானாக வாயைத் திறந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"பேரை எடுக்க வேண்டாமுங்க. நா போய்ப் பாத்தேன்னா, பாத்தேன்னு எம்பேரு வரோணுங்க. பாக்கலீன்னா வரக்கூடாது. அவ்வளவுதானுங்க."

பிரவீனா பெயரை எடுக்கவில்லை.

அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள் இன்னொருமுறை அந்தப் பேஸ் போனது. காலையில் கரண்டு போய் அவர் பொத்தான் அமுக்கியிருந்த நாள்தான் அதுவும். மத்தியானம் ஹாரன் அலறியது. சின்னுசாமி அரவையை நிறுத்திவிட்டு ஓடினார். ஜெனரேட்டரைக் கையால் ஓடவிட்டார். ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தபிறகு, ஒரு கோழியைக் கையில் தூக்கிப் பார்த்து, மூச்சு இருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் பொத்தானிடம் போனார். நாமக்கல்லில் பிரவீனாவின் லேப்டாப்பில் முதலில் சூடு என்று தனியாக வந்தது. பின்னால் ஒரு எழுத்து இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. பார்த்தாச்சு, சின்னுசாமி.